'நாலெட்ஜ்' என்ற சொல்: பொருளும் பயன்பாடும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் யாரும் முதல் வருடத்திலேயே சந்திக்கிற சொல் 'நாலெட்ஜ்'. தமிழ்ப் பேச்சிலும் அது கலந்துவிட்டது. "அவருக்கு நல்ல நாலெட்ஜ்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் அதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் தயக்கம் வருகிறது. பன்மை உண்டா, முன்னால் 'எ' போடலாமா, 'ஆஃப்' வருமா 'இன்' வருமா என்று சந்தேகங்கள் வரிசையாக வரும். மொழிபெயர்ப்பு வேலையில் பல ஆண்டுகள் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 'நாலெட்ஜ்' பிறந்த, 'தெரிந்திரு' என்ற பொருளுள்ள வினைச்சொல்லான 'நோ'வும் கூடவே வரும். அதை விட்டுவிட்டு இதை விளக்க முடியாது.

'நாலெட்ஜ்' என்றால் சுருக்கமாக என்ன?

ஒருவருக்குத் தெரிந்திருப்பது. படித்தோ, பார்த்தோ, பட்டோ மனதில் தங்கியவை எல்லாம் சேர்ந்தது நாலெட்ஜ். ஒரு குறிப்பிட்ட விஷயம் ஒருவருக்குத் தெரியும் என்ற நிலைக்கும் அதே சொல்தான்.

அகராதியில் 'அறிவு' என்றுதானே இருக்கிறது? அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதா?

அகராதி தவறு இல்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி இடங்களில் வழுக்கும். ஏனென்றால் தமிழில் 'அறிவு' மிக அகலமான சொல். ஓரறிவு உயிர் முதல் ஆறறிவு உயிர் வரை என்று சொல்லும்போது அது தொடுதல், சுவைத்தல், முகர்தல், பார்த்தல், கேட்டல், சிந்தித்தல் ஆகிய உணரும் ஆற்றல்களைக் குறிக்கிறது. "பையன் அறிவாளி" என்றால் புத்திக்கூர்மை. "உனக்கு அறிவு இருக்கா?" என்று கோபத்தில் கேட்டால் விவேகம். இந்த மூன்று இடத்திலும் 'நாலெட்ஜ்' பொருந்தாது. முதலாவதற்கு ஆங்கிலத்தில் 'சென்ஸ்', இரண்டாவதற்கு 'இன்டெலிஜன்ஸ்', மூன்றாவதற்கு மறுபடியும் 'சென்ஸ்', ஆனால் வேறு பொருளில். அந்தக் கோபக் கேள்வியை 'டூ யூ ஹாவ் நாலெட்ஜ்' என்று மாற்றினால் கேட்பவருக்கு எந்தப் பாடத்தில் என்றுதான் தோன்றும்.

எதிர்ப்பக்கமாகவும் இதே சிக்கல் உண்டு. ஒருமுறை ஒரு புகார் மனுவின் தமிழாக்கத்தைச் சரிபார்த்தேன். மூலத்தில் 'வித்அவுட் மை நாலெட்ஜ்' என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் "என் அறிவின்றிக் கையெழுத்து வாங்கப்பட்டது" என்று எழுதியிருந்தார். படிக்கிறவர், மனுதாரர் மயக்கத்தில் கையெழுத்துப் போட்டார் என்று நினைக்கக்கூடும். சொல்ல வந்ததோ "எனக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கப்பட்டது" என்பது. ஒரே சொல்லில் ஒரு வழக்கின் திசையே மாறியிருக்கும்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இது: 'நாலெட்ஜ்' என்று பார்த்ததும் 'அறிவு' என்று போகாமல், முதலில் 'தெரிந்திருப்பது' என்று நினைத்துப் பார்ப்பேன். வாக்கியம் அதிலேயே பெரும்பாலும் தெளிந்துவிடும். பொதுவான, பெரிய பொருளில் வரும்போது மட்டும் 'அறிவு' போடுவேன். எடுத்துக்காட்டாக 'த நாலெட்ஜ் தட் ஷி வாஸ் சேஃப்' என்று தொடங்கும் வாக்கியத்தை "அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்ததே" என்றுதான் தொடங்க வேண்டும். அங்கே 'அறிவு' என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

எப்படி உச்சரிப்பது?

'நாலிஜ்' என்பது ஏறக்குறையச் சரி. முதல் அசையில் அழுத்தம். முதல் உயிர் பிரிட்டன் உச்சரிப்பில் 'ஆ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவே குறுகி ஒலிக்கும். அமெரிக்காவில் 'ஆ'வை நெருங்கும். இரண்டாவது அசை மெலிந்து 'இஜ்' ஆகிவிடும். எழுத்தைப் பார்த்து 'நோ-லெட்ஜ்' என்று பிரித்துச் சொல்ல வேண்டாம். தமிழில் எழுதும்போது 'நாலெட்ஜ்' என்ற வடிவம் பழகிவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன்.

'நோ' என்று நெடிலாக ஒலிக்கும் சொல் 'நாலெட்ஜ்' ஆகும்போது ஏன் குறுகுகிறது என்று சிலர் கேட்பார்கள். சொல் நீண்டால் முதல் உயிர் குறுகுவது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். 'ஹோலி' என்பதும் 'டே' என்பதும் சேர்ந்த சொல் 'ஹாலிடே' ஆனதும் அப்படித்தான்.

சொல்லாத 'கே' எழுத்தை ஏன் எழுத வேண்டும்?

ஒரு காலத்தில் சொன்னார்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல் 'க்னாவன்' போல ஒலித்தது. முழங்கால், கத்தி, முடிச்சு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களிலும் முன்னால் அந்தக் 'க்' ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டுவாக்கில் அது பேச்சிலிருந்து தேய்ந்து மறைந்தது. அதற்குள் அச்சு பரவி எழுத்துக்கூட்டல் உறைந்துவிட்டதால் எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மன் மொழியில் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள்.

கடைசிப் பகுதியான 'லெட்ஜ்' சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைக் குறிக்கும் 'லெட்ஜ்' அல்ல. எழுத்து ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் 'ஞானம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு, அதுவும் நெருங்கிய உறவு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆங்கில 'நோ', லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் 'தெரிந்துகொள்' என்ற பொருளுள்ள ஒரு பழைய வேர் இருந்தது. ஆங்கிலத்தில் அது 'க்னா' ஆகி, பிறகு 'நோ' ஆனது. லத்தீன், கிரேக்கத்தில் 'க்னோ' ஆனது. சமஸ்கிருதத்தில் 'ஜ்ஞா' ஆனது. அந்த 'ஜ்ஞா'விலிருந்து வந்தவைதான் நாம் கடனாக வாங்கிக்கொண்ட ஞானம், விஞ்ஞானம், ஞானி எல்லாம்.

இன்னும் கொஞ்சம் பாருங்கள். இல்லை என்னும் பொருள் தரும் முன்னொட்டோடு அதே வேர் சேர்ந்து சமஸ்கிருத வழியில் 'அஞ்ஞானம்' ஆயிற்று. லத்தீன் வழியில் அதே கட்டமைப்பு 'இக்னரன்ஸ்' ஆயிற்று. கிரேக்க வழியில் 'அக்னாஸ்டிக்', அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர். அந்தச் சொல்லை 1869இல் உருவாக்கியவர் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. மருத்துவர் சொல்லும் 'டயக்னாசிஸ்' என்பதிலும் இந்த வேர்தான் இருக்கிறது.

'அறிவு', 'தெரி' இரண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல; தமிழின் சொந்தச் சொற்கள். 'தெரி' என்பதற்குக் கண்ணுக்குப் புலப்படுதல் என்ற பொருளும் சேர்ந்தே இருக்கிறது. "தூரத்தில் மலை தெரிகிறது", "எனக்கு விடை தெரிகிறது" இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலம் தெரிதலை மனதில் வைத்திருக்கும் ஒரு நிலையாகப் பார்க்கிறது. தமிழோ அதைக் கண் முன்னால் தோன்றுவதாகப் பார்க்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் 'நான் தெரிகிறேன்' என்பதுபோல 'ஐ நோ' வருகிறது. தமிழில் "எனக்குத் தெரிகிறது" என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம்.

'நாலெட்ஜஸ்' என்று பன்மையில் எழுதலாமா?

வேண்டாம். இது எண்ண முடியாத பெயர்ச்சொல். சமூகவியல், மானிடவியல் கட்டுரைகளில் பலவகை அறிவு மரபுகளைக் குறிக்கச் சிலர் பன்மையில் எழுதுவதுண்டு. அது அந்தத் துறையோடு சரி.

முன்னால் 'எ' போடலாமா?

தனியாக 'எ நாலெட்ஜ்' தவறு. ஆனால் இடையில் ஓர் அடைமொழி வந்து, பின்னால் 'ஆஃப்' வந்தால் போடலாம்: 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் தமிழ்', 'எ வொர்க்கிங் நாலெட்ஜ் ஆஃப் ஜெர்மன்'. இரண்டாவது, வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பயன்படும் தொடர். புலமை இல்லை, ஆனால் வேலை நடத்தும் அளவுக்குத் தெரியும் என்று நேர்மையாகச் சொல்லிவிடும்.

பின்னால் 'ஆஃப்' வருமா, 'இன்' வருமா, 'அபௌட்' வருமா?

'ஆஃப்' எப்போதும் பாதுகாப்பானது. 'அபௌட்' பேச்சில் இயல்பு. 'இன்' போடுவதுதான் நம்மிடம் அதிகம் காணும் பிழை. "கணக்கில் நல்ல அறிவு" என்று தமிழில் 'இல்' உருபு வருவதால் கை தானாக 'இன்' என்று எழுதிவிடுகிறது. 'ஸ்கில்', 'எக்ஸ்பர்டீஸ்', 'டிகிரி' ஆகிய சொற்களுக்குப் பின்னால் 'இன்' சரி. 'நாலெட்ஜ்' வந்தால் 'ஆஃப்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

'லேர்ன் நாலெட்ஜ்' சரியா?

சரியில்லை. கெயின், அக்வயர், ஷேர், டெஸ்ட், ப்ராடன் போன்ற வினைகளோடு சேரும். 'லேர்ன்' என்பதற்குப் பின்னால் எதைக் கற்கிறோமோ அதையே நேராகச் சொல்ல வேண்டும்: மொழி, கணக்கு, நீச்சல்.

'டு மை நாலெட்ஜ்', 'டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்' இரண்டும் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான். "எனக்குத் தெரிந்தவரை". இரண்டாவது கொஞ்சம் கனமானது. விண்ணப்பங்கள், உறுதிமொழிப் பத்திரங்களின் கடைசியில் 'டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ் அண்ட் பிலீஃப்' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்னவை எனக்குத் தெரிந்தவரையிலும் நான் நம்புகிறவரையிலும் உண்மை என்று பொருள். வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்று ஒப்புக்கொடுக்கும் வரி அது. எனக்குத் தெரியாத ஒன்று பின்னால் வெளிப்படலாம் என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. அலுவலகத் தமிழில் "என் அறிவுக்கு எட்டியவரை" என்று எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. இங்கே 'எட்டியவரை' என்ற சொல் பொருளைக் காப்பாற்றிவிடுகிறது. அதனால் அது எனக்கு உறுத்துவதில்லை.

இதே குடும்பத்தில் இன்னும் சில தொடர்கள்: 'இட் கேம் டு மை நாலெட்ஜ்' என்றால் என் கவனத்துக்கு வந்தது. 'நாட் டு மை நாலெட்ஜ்' என்றால் எனக்குத் தெரிந்து இல்லை.

'இன்ஃபர்மேஷன்' என்பதும் 'நாலெட்ஜ்' என்பதும் எப்படி வேறுபடுகின்றன?

தகவல் வெளியே இருக்கலாம். தாளில், திரையில், பலகையில். நாலெட்ஜ் ஒருவரிடம் தங்கிய பிறகுதான் நாலெட்ஜ். இதை விளக்க லண்டனில் ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்டுநர் உரிமம் பெற எழுதும் தேர்வின் பெயரே 'த நாலெட்ஜ்'. 1865இல் தொடங்கியது. நகரின் நடுவே உள்ள சேரிங் கிராஸ் என்ற இடத்திலிருந்து ஆறு மைல் தொலைவுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களையும், நூல்களில் தொகுத்த 320 வழித்தடங்களையும், வழியில் வரும் முக்கிய இடங்களையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வரைபடத்தைப் பார்க்காமல் இங்கிருந்து அங்கே எப்படிப் போவாய் என்று தேர்வாளர் நேரில் கேட்பார். தேறப் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 2000ஆம் ஆண்டில் நரம்பியல் ஆய்வாளர் எலனோர் மெக்வயர் குழுவினர் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். வழி நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

வரைபடத்தில் இருக்கும்போது அது இன்ஃபர்மேஷன். ஓட்டுநரின் தலைக்குள் வந்த பிறகு நாலெட்ஜ். கையில் வரைபடம் இருப்பவரைப் பார்த்து ஆங்கிலத்தில் யாரும் அவருக்கு லண்டன் பற்றிய நாலெட்ஜ் இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.

'நோ' என்பதற்கும் 'திங்க்', 'பிலீவ்' என்பவற்றுக்கும் எல்லை எது?

'ஐ நோ ஹி லெஃப்ட்' என்று சொன்னால் அவர் உண்மையாகவே போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் உங்களுக்குத் தெரியவில்லை, நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றாகிவிடும். தமிழிலும் "தெரியும்" என்ற சொல் அப்படித்தான் உண்மைக்குப் பொறுப்பேற்கிறது. அதனால் உறுதியில்லாத இடத்தில் 'திங்க்' போடுங்கள்.

உண்மையாகவும் இருந்து, நம்பக் காரணமும் இருந்தால் அது நாலெட்ஜ் ஆகிவிடுமா? தத்துவத்தில் இது பெரிய கேள்வி. நின்றுபோன கடிகாரம் ஒன்று இரண்டு மணி காட்டுகிறது. நீங்கள் அதைப் பார்க்கும் நேரமும் தற்செயலாகச் சரியாக இரண்டு மணி. மணி இரண்டு என்று நம்புகிறீர்கள், அது உண்மை, கடிகாரத்தைப் பார்த்த காரணமும் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு மணி தெரிந்திருந்தது என்று சொல்ல நாக்கு எழாது. இந்த வகைச் சிக்கலை அமெரிக்கத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கக் கட்டுரையில் முன்வைத்தார். தத்துவ அறிஞர்கள் இன்னமும் அதோடு போராடுகிறார்கள்.

'ஐ ஆம் நோயிங்' என்று சொல்லலாமா?

கூடாது. தெரிந்திருப்பது ஒரு நிலை, நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. 'ஐ நோ' மட்டும் போதும். எத்தனை காலமாகத் தெரியும் என்று சொல்லும்போதும் 'ஐ ஹாவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்றுதான் வரும்.

'ஐ நோ ஸ்விம்மிங்' ஏன் தவறு?

"எனக்கு நீச்சல் தெரியும்" என்பதன் நேர்ப்பெயர்ப்பு அது. மொழி, பாடம், ஆள், இடம் இவற்றோடு 'நோ' நேராகச் சேரும். ஒரு செயலைச் செய்யத் தெரியும் என்றால் 'நோ ஹவ் டு' வேண்டும். அதைவிட இயல்பு 'ஐ கேன் ஸ்விம்'. இதில் ஒரு சுவையான விஷயம்: 'கேன்' என்ற சொல்லே 'தெரிந்திரு' என்ற பொருளில் தொடங்கியதுதான், 'நோ' பிறந்த அதே வேரிலிருந்து. "நீந்தத் தெரியும்" என்று தமிழ் சொல்வதைத்தான் ஆங்கிலமும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு பிரபலத்தைப் பற்றிக் கேட்டால் 'ஐ நோ ஹிம்' என்று சொல்லலாமா?

நேரில் பழக்கம் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் 'ஐ நோ ஹூ ஹி இஸ்' (யாரென்று தெரியும்) அல்லது 'ஐ நோ ஆஃப் ஹிம்' (கேள்விப்பட்டிருக்கிறேன்). தமிழில் "அவரைத் தெரியும்" என்பது இரண்டுக்கும் ஓடும், ஆங்கிலத்தில் ஓடாது.

'ஐ கேம் டு நோ' சரியான ஆங்கிலமா?

இந்திய ஆங்கிலத்தில் மிகச் சாதாரணம், "தெரியவந்தது" என்பதன் சாயல். வெளிநாட்டவருக்குப் புரியும், ஆனால் அவர்கள் அந்த இடத்தில் 'ஐ ஹேர்ட்', 'ஐ லேர்ன்ட்', 'ஐ ஃபௌண்ட் அவுட்' என்பார்கள். அவர்களுக்கு 'கேம் டு நோ' என்றால் நாளடைவில் நன்றாகப் பழகிப் புரிந்துகொண்டேன் என்ற தொனி.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்று. "ஆங்கிலம் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பதை 'ஐ வான்ட் டு நோ இங்லிஷ்' என்று எழுதாதீர்கள். தெரிந்துகொள்வது செயல், தெரிந்திருப்பது நிலை. செயலுக்கு 'லேர்ன்'.

'காமன் நாலெட்ஜ்', 'ஜெனரல் நாலெட்ஜ்', 'காமன் சென்ஸ்' மூன்றும் குழப்புகின்றனவே?

'காமன் நாலெட்ஜ்' ஊரறிந்த விஷயம். 'ஜெனரல் நாலெட்ஜ்' பொது அறிவு, போட்டித் தேர்வில் வருவது. 'காமன் சென்ஸ்' இயல்பாக இருக்க வேண்டிய விவேகம்.

'நாலெட்ஜபிள்' என்றால் புத்திசாலியா?

இல்லை, விஷயம் தெரிந்தவர். மிகுந்த புத்திக்கூர்மை உள்ள ஒரு குழந்தை 'இன்டெலிஜென்ட்', ஆனால் இன்னும் 'நாலெட்ஜபிள்' அல்ல. எழுதும்போது 'நாலெட்ஜ்' என்பதன் கடைசி 'ஈ' எழுத்தை விட்டுவிடாமல் 'ஏபிஎல்இ' சேர்ப்பதே வழக்கமான முறை.

'நாலெட்ஜ் இஸ் பவர்' என்று முதலில் சொன்னது யார்?

ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் என்று வழக்கமாகச் சொல்வார்கள். 1597இல் அவர் லத்தீனில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அந்தக் கருத்து வருகிறது. ஆனால் அங்கே பேச்சு கடவுளின் அறிவும் ஆற்றலும் பற்றியது. படித்தால் முன்னேறலாம் என்ற இன்றைய பொருள் அந்த இடத்தில் இல்லை. 'எ லிட்டில் நாலெட்ஜ் இஸ் எ டேஞ்சரஸ் திங்' என்பதும் இப்படி மாறியதுதான். ஆங்கிலக் கவிஞர் அலெக்ஸாண்டர் போப் 1711இல் எழுதியபோது அந்த இடத்தில் 'லேர்னிங்' என்றே போட்டிருந்தார்.

யாராவது ஒரு செய்தி சொன்னால் 'ஐ நோ', 'ஐ டோன்ட் நோ', 'ஐ டிட்ன்ட் நோ' இவற்றில் எது?

மூன்றும் வேறு. 'ஐ நோ' என்றால் "எனக்கு ஏற்கெனவே தெரியும்". ஆர்வமாகச் சொல்ல வந்தவரிடம் அதை வெறுமனே சொன்னால் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். புதிதாகக் கேட்டுக்கொள்ளும்போது 'ஐ ஸீ' சொல்லலாம். குரலை உயர்த்தி 'ஐ நோ!' என்றால் மட்டும் "ஆமாம்ல, எனக்கும் அப்படித்தான்" என்று ஒத்துப்போகும் பொருள் வரும்.

மற்ற இரண்டில்தான் தமிழர்கள் அதிகம் தடுமாறுகிறோம். நண்பருடைய தந்தை மருத்துவமனையில் இருக்கிறார் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள். தமிழில் "அடடா, எனக்குத் தெரியாதே" என்பீர்கள். அதை அப்படியே 'ஐ டோன்ட் நோ' என்று சொல்லிவிட்டால், எனக்குத் தெரியாது, என்னைக் கேட்காதே என்று ஆகிவிடும். நம் 'தெரியாது' காலத்தைக் காட்டாமல் நிற்கும் சொல். ஆங்கிலமோ கணக்குப் பார்க்கிறது: இந்த நொடி வரை தெரியாமல் இருந்தது, நீங்கள் சொன்னதும் தெரிந்துவிட்டது, ஆகவே தெரியாமை இறந்தகாலம். 'ஐ டிட்ன்ட் நோ' என்று சொல்லுங்கள், பின்னாலேயே 'ஹவ் இஸ் ஹி நௌ' என்று கேளுங்கள்.